ஊணும் மருந்தும் நொதியும்

நெல்லைக்கு வடமேற்கே உள்ள சங்கரன்கோவில், அரியும் அரனும் ஓருருவாய்க் காட்சி தரும் கோவிலாலும் ஆடித் தபசுத் திருவிழாவாலும் தமிழகமெங்கும் பெயர் பெற்றது. முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்தது. இக்கோவிலில் அடியார்கள் பயபக்தியுடன் பெற்றுச் செல்லும் பொருள்களுள் தலைமையானது புற்றுமண். அதன் சமயச் சிறப்பைக் கூறுதற்கு உரியார் பலர் உளர். அஃது ஈண்டு எமது நோக்கமன்று. புற்றைக் கட்டுகின்ற சிற்றுயிராகிய கறையான் எதனை உண்டு வாழ்கின்றது என்னும் வினாவையே யாம் எடுத்துக்கொள்கின்றோம். நாம் உண்ணும் சோறும், நோயுற்ற காலத்து விழுங்கும் மாத்திரையும் உடம்பினுள் என்ன ஆகின்றன என்னும் பெரிய செய்திக்கு அச்சிறிய வினா நல்ல வாயிலாகும்.

தமிழ் பயிலும் எம்மனோர்க்குக் கறையான் பழம்பகை. ஏட்டுச் சுவடிகள் எத்தனையோ அதன் வாய்ப்பட்டு மாய்ந்தன. வீட்டின் உத்தரத்தையும் கதவு நிலையையும் அஃது உண்டு தீர்ப்பதை யாவரும் கண்டிருப்பர். உலர்ந்த மரத்தை நாம் உண்டால் உண்டபடியே வெளிப்படுமன்றி உடம்பில் ஒட்டாது. கறையானோ அதனை உணவாக்கிக்கொள்கின்றது. இத்தனைக்கும் மரத்தின் நாரும் நாம் உண்ணும் சோற்றின் மாச்சத்தும் அடிப்படையில் ஒரே பொருளாலானவை. குளுகோஸ் என்னும் சர்க்கரையின் துகள்கள் மாலையாகக் கோக்கப்பட்டே இரண்டும் ஆயின. கோத்த முடிச்சின் வகைதான் வேறு. சோற்றின் முடிச்சை அவிழ்க்கும் கருவி நம்மிடம் உண்டு. மரத்தின் முடிச்சை அவிழ்க்கும் கருவி நம்மிடம் இல்லை. நம் நாட்டில் மேட்டுப் புற்றுக் கட்டும் கறையான்கள் தம் புற்றினுள்ளே ஒருவகைக் காளானை வளர்த்து, அதன் துணைகொண்டு மரத்தைப் பக்குவப்படுத்தி உண்கின்றன. பசுவும் ஆடும் தம் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் துணைகொண்டு வைக்கோலைச் செரிக்கின்றன. இங்ஙனம் முடிச்சவிழ்க்கும் கருவிக்கே 'நொதி' என்று பெயர். என்சைம் என ஆங்கில நூல்கள் கூறுவது இதனையே.

நொதி என்னும் சொல் நமக்குப் புதிதாயினும் அதன் வேர் பழமையானது. மாவு புளித்துப் பொங்குதலையும் கள் நுரைத்தெழுதலையும் நொதித்தல் என்பது தமிழ் வழக்கு. என்சைம் என்னும் சொல்லும் கிரேக்க மொழியில் 'புளிப்பினுள் இருப்பது' என்னும் பொருளதே. அச்சொல்லை 1877-ஆம் ஆண்டில் வழங்கியவர் கூனே என்னும் செருமானிய அறிஞர். இருவேறு மொழிகள் ஒரே காட்சியினின்று சொல்லெடுத்தமை காண்க. இட்லி மாவு இரவில் பொங்குவதும், பால் தயிராவதும், தானியம் முளைக்கும்போது இனிப்பதும் நொதிகளின் தொழிலே.

நொதிகள் பெரும்பாலும் புரதங்களே. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு தனி வடிவம் உண்டு. அவ்வடிவிற்குப் பொருந்தும் பொருளின்மேல் மட்டுமே அது தொழில் செய்யும். இதனை எமில் ஃபிஷர் என்பார் 1894-ஆம் ஆண்டில் பூட்டும் சாவியும் போல என்று உவமித்தார். தொழில் முடிந்தபின் நொதி அழிவதில்லை. மீண்டும் அடுத்த துகளைப் பற்றும். நம் குருதியில் கரியமில வாயுவைக் கையாளும் நொதி ஒன்று, ஒரு நொடியில் ஏறக்குறைய 10 இலட்சம் துகள்களை மாற்ற வல்லது. நொதி இல்லாவிடின் இம்மாற்றங்களுட் பல நடவாமற் போகா. ஆனால் அவை முடிவதற்குள் நம் வாழ்நாள் முடிந்துவிடும்.

வலிமை மிக்க இக்கருவிகள் மென்மையும் மிக்கவை. பெரும்பான்மையான நொதிகள் நம் உடற்சூட்டில் நன்கு தொழில் செய்யும். கொதிக்கும் நீரில் அழியும். முற்றிய ஆட்டிறைச்சியை வேகவைக்கும்போது பச்சைப் பப்பாளித் துண்டொன்றை உடனிடுவது நம் அடுக்களை வழக்கம். பப்பாளிக் காயின் பாலிலுள்ள பப்பாயின் என்னும் நொதி, இறைச்சியின் புரதத்தைத் தளர்த்துகின்றது. சூடு ஏறிவரும்போதுதான் அதன் தொழில் நடைபெறும். குழம்பு நெடுநேரம் கொதித்தபின் அஃது அடங்கிவிடும். பழுத்த பப்பாளியில் இந்நொதி மிகக் குறைவு. ஆகலின் பழத்தை இட்டால் இப்பயன் கிட்டாது. சமையலில் கைதேர்ந்த முதியோர் இரசாயன நூல் பயிலாமலே இதனை அறிந்திருந்தனர்.

இனி, ஒரு கவளம் சோற்றின் வழியே சென்று பார்ப்போம். வாயிலிட்ட சோற்றை உடனே விழுங்காமல் நெடுநேரம் மென்றால் அது மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி மாச்சத்தின் முடிச்சுகளை அவிழ்த்துச் சர்க்கரையாக்குவதே அவ்வினிப்பிற்குக் காரணம். சோறு இரைப்பையை அடைந்ததும் அங்குள்ள கடும் அமிலத்தால் உமிழ்நீர் நொதியின் தொழில் நின்றுவிடும். அதே அமிலத்தில்தான் பெப்சின் என்னும் மற்றொரு நொதி விழித்தெழுந்து புரதத்தைப் பிரிக்கத் தொடங்கும். ஒன்றற்கு நஞ்சாவது மற்றொன்றற்கு உரமாவதை ஈண்டு நோக்குக.

இரைப்பையின் தொழில் அரைத்தலா, கரைத்தலா என்பது முற்காலத்தில் பெரியதொரு வழக்காக இருந்தது. 1752-ஆம் ஆண்டில் ரெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர், இரு முனையும் கம்பி வலையிட்ட சிறு உலோகக் குழாயில் இறைச்சியை வைத்துத் தாம் வளர்த்த பருந்தை விழுங்கச் செய்தார். பருந்து தனக்குச் செரியாததைக் கக்கும் இயல்புடையது. அது கக்கிய குழாயில் இறைச்சி கரைந்திருந்தது, குழாயோ நசுங்கவில்லை. அரைக்கும் விசை எட்ட இயலாத இடத்தில் இறைச்சி கரைந்தமையின், கரைக்கும் நீர் ஒன்று உண்டு என்பது தெளிவாயிற்று. அந்நீரிலுள்ள பெப்சினை 1836-ஆம் ஆண்டில் ஷ்வான் என்பார் இனங்கண்டார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1833-ஆம் ஆண்டில், முளைகட்டிய பார்லியினின்று டயஸ்டேஸ் என்னும் நொதி பிரித்தெடுக்கப்பட்டிருந்தது.

இரைப்பையைக் கடந்த உணவு சிறுகுடலை அடையும். அங்குக் கணையம் சுரக்கும் நொதிகள் மாச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் பிரிக்கும்; குடற்சுவரிலுள்ள நொதிகள் எஞ்சிய சிறு முடிச்சுகளை அவிழ்க்கும். புரதத்தைக் கரைக்கும் நொதி, தன்னைச் சுரந்த உறுப்பையே கரைத்துவிடாதோ என்று ஐயுறலாம். இயற்கை அதற்கும் காவல் வைத்துள்ளது. கணையம் இந்நொதிகளை உறைக்குள் இட்ட வாள் போலத் தொழிலற்ற நிலையிலேயே அனுப்புகின்றது. சிறுகுடலை அடைந்தபின்னரே வாள் உறையினின்று வெளிப்படும். நோயால் இக்காவல் தவறிக் கணையத்துக்குள்ளேயே நொதிகள் விழித்தெழுமாயின், அது பொறுத்தற்கரிய வலியையும் உயிருக்கு இடரையும் விளைக்கும்.

எல்லோர் குடலிலும் எல்லா நொதியும் ஒரே அளவில் இரா. பாற்சர்க்கரையைப் பிரிக்கும் லாக்டேஸ் என்னும் நொதி குழவிப் பருவத்தில் நிறைந்திருந்து, வளர வளரப் பலரிடத்துக் குறைந்துவிடுகின்றது. தென்னாட்டு மக்களுள் இங்ஙனம் குறைந்தவர் பலர். அவர்கள் பால் மிகுதியாகப் பருகினால் வயிறு பொருமும், கழிச்சலும் உண்டாகும். அவர்களே தயிரையும் மோரையும் இடரின்றி உண்பர். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் பாற்சர்க்கரையின் ஒரு பகுதியைத் தாமே உண்டுவிடுவதுடன், அதனைப் பிரிக்கும் நொதியையும் உடன் கொண்டு வருகின்றன. ஆடித் தபசுக் கூட்டத்தில் தாகந் தீர்க்கும் நீர்மோர், பாலை ஏற்காத வயிற்றுக்கும் ஏற்புடையதாதல் இதனாலேயே.

முளைகட்டிய கேழ்வரகின் சிறப்பும் இத்தகையதே. முளைக்கும் தானியத்தில் அமிலேஸ் பெருகும். தடித்த கஞ்சி சற்று ஆறியபின், முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவில் ஒரு கரண்டி இட்டுக் கலக்கினால், சிறிது நேரத்தில் கஞ்சி இளகி நீர்த்துவிடும். தண்ணீர் ஊற்றி நீர்த்த கஞ்சியில் சத்துக் குறையும். இங்ஙனம் நீர்த்த கஞ்சியிலோ சத்துக் குறையாது. சிறு வயிற்றையுடைய குழந்தை, தான் விழுங்கக்கூடிய கஞ்சியில் மிகுந்த சத்தைப் பெறும். ஏழை இல்லத்துத் தாய் ஒருத்திக்கு இதனினும் மலிவான உதவி அரிது.

இதுகாறும் கூறியவற்றால், நொதிகள் செரிமானத்திற்கு இன்றியமையாதன என்பது விளங்கும். விளங்கவே, நொதியைப் புட்டியில் அடைத்து விற்பாரும் தோன்றினர். 1894-ஆம் ஆண்டில் தகாமினே என்னும் சப்பானிய அறிஞர் ஒருவகைப் பூஞ்சையினின்று டயஸ்டேஸ் எடுக்கும் முறைக்கு அமெரிக்காவில் உரிமை பெற்றார். அது சீரண மருந்தாக உலகெங்கும் விலைபோயிற்று. இன்றும் நம் ஊர் மருந்துக் கடைகளில் டயஸ்டேஸ், பெப்சின், பப்பாயின் ஆகியவை கலந்த டானிக்குகள் விற்கப்படுகின்றன. விருந்துண்டு வயிறு கனத்தவர் அவற்றை வாங்கிப் பருகுகின்றனர். ஆனால் நோயற்றவனுடைய கணையம் தேவைக்கு மிகுதியாகவே நொதிகளைச் சுரக்கின்றது. மேலும், வாய்வழி விழுங்கிய நொதியும் ஒரு புரதமே. இறைச்சிப் புரதத்தைப் பிரிக்கும் இரைப்பை இதனை மட்டும் எளிதில் விட்டுவிடுமா? ஆகலின் நலமுடையார்க்கு இவற்றால் விளையும் பயன் மிகச் சிறிது. முன் உண்டது செரித்ததை அறிந்து அளவாக உண்ண வேண்டும் என்று மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கூறிய நெறி விலையில்லாதது, பயன் மிக்கது.

நொதி மருந்தே வேண்டாததென்று கொள்ளற்க. வெப்ப நாடுகளில், சிறப்பாகக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், கணையத்தில் கல் தோன்றி அவ்வுறுப்பு மெல்லத் தேயும் நோய் ஒன்று உண்டு. இளைஞர் பலரை அது பற்றியது. கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் 1960-க்குப் பின் இந்நோயாளர் பலரை ஆராய்ந்து எழுதியவர். இந்நோயுற்றார் உண்ட கொழுப்புச் செரியாமல் வெளிப்படும், உடல் மெலியும், நீரிழிவும் சேரும். இவர்க்குக் கணைய நொதி மாத்திரை உணவோடு உட்கொள்ள வேண்டிய நல்ல துணை. இரைப்பையின் அமிலம் அழிக்காவண்ணம் அதன்மேல் பூச்சும் இடப்பட்டிருக்கும். எனவே அதனை மென்று விழுங்குதல் கூடாது. நொதி குறைந்தவர்க்கு மருந்தாவது, குறையாதவர்க்கு வீண் செலவாகின்றது.

இனிச் சத்து மாத்திரைகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். நொதிகள் பலவற்றிற்குத் தனித்துத் தொழில் செய்யும் ஆற்றல் இல்லை. உளிக்குக் கைப்பிடி போல ஒரு துணைப் பொருளை அவை வேண்டும். நாம் உணவிற் பெறும் பி-வகை வைட்டமின்கள் அத்துணைப் பொருள்களாக மாறுகின்றன. பழைய சென்னை மாகாணத்தின் வடபகுதித் தெலுங்கு மாவட்டங்களில், தீட்டிய பச்சரிசியையே உண்டவரிடையே பெரிபெரி என்னும் நோய் மிகுந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட பகுதிகளில் அஃது அருகியே காணப்பட்டது. குன்னூரில் ஆராய்ச்சி செய்த மக்காரிசன் என்பார் 1920-களில் இவ்விரு வகை அரிசியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் சத்து அரிசியினுள்ளே இறங்கிவிடுகின்றது. அச்சத்தைத் துணையாகக் கொள்ளும் நொதிகளே சர்க்கரையை எரித்து உடலுக்கு ஆற்றல் தருவன. துணை கிடையாதபோது நொதி இருந்தும் பயனில்லை. ஆயினும் கைப்பிடி இல்லாத உளிக்கு ஒரு கைப்பிடி போதும். பத்துக் கைப்பிடிகள் கொடுப்பதால் தச்சன் விரைந்து செதுக்கிவிடான். சத்து மாத்திரையை அளவின்றி விழுங்குவார் இதனைச் சிந்திப்பாராக.

உணவு, சத்து, மருந்து ஆகிய மூன்றும் நொதியினிடத்துச் சந்திக்கும் இடமொன்றை இனிக் காட்டுவோம். அதற்கு நாம் அயல்நாடு செல்லவேண்டுவதில்லை. நம் சென்னை நகரமே போதும். 1952-ஆம் ஆண்டில் காசநோயை வெல்லும் ஐசோனியாசிட் என்னும் மருந்து கண்டறியப்பட்டது. 1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்றை நிறுவின. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குகின்றது. ஆரோக்கியசாலையில் நல்லுணவும் ஓய்வும் பெற்ற நோயாளர்க்கும், நெருக்கமான குடிசையில் இருந்துகொண்டே மருந்துண்ட நோயாளர்க்கும் நோய் நீங்குவதில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை 1959-ஆம் ஆண்டில் அந்நிலையம் உலகிற்கு அறிவித்தது. ஏழை நாடுகள் அனைத்தும் அம்முடிவால் நலம் பெற்றன.

அந்நிலையத்தார் நோயாளர் குருதியிலும் சிறுநீரிலும் மருந்தின் அளவைக் கணித்தபோது வியப்பான செய்தியொன்றை விரிவாக ஆராய்ந்தனர். ஒரே அளவு மருந்து உண்டவருள் சிலர் உடலினின்று அது விரைந்து மறைந்தது. சிலர் உடலில் நெடுநேரம் தங்கியது. கல்லீரலிலுள்ள நொதி ஒன்று ஐசோனியாசிட்டை மாற்றித் தொழிலற்றதாக்குகின்றது. அந்நொதி சிலரிடத்து விரைவுடையது, சிலரிடத்து மந்தமானது. விரைவுடையோரிடம் மருந்தின் அளவு ஒரு மணி நேரத்தை ஒட்டிய காலத்திலேயே பாதியாகக் குறையும். மந்தமானோரிடம் பாதியாக ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். இவ்வியல்பு பெற்றோர் வழி வருவது. உணவாலோ பயிற்சியாலோ மாறாது. தென்னிந்தியருள் பாதிக்கும் மேற்பட்டோர் மந்த வகையினர்.

இவ்வேறுபாட்டால் விளைவன யாவை? மந்த வகையினர்க்கு மருந்து உடலில் நெடுநேரம் நிற்றலின், மிகுந்த அளவு கொடுத்தபோது கைகால் எரிச்சலும் மதமதப்பும் அவர்களிடமே மிகுதியாகத் தோன்றின. ஐசோனியாசிட், நரம்புகளுக்கு வேண்டிய பைரிடாக்சின் என்னும் பி-6 சத்தின் தொழிலுக்கு இடையூறு செய்வதே இதற்குக் காரணம். அச்சத்தை நாளொன்றுக்குச் சில மில்லிகிராம் அளவே சேர்த்துக் கொடுத்தபோது அத்துன்பம் தடுக்கப்பட்டது. காசநோய் மருந்தோடு ஒரு சிறு சத்து மாத்திரையையும் மருத்துவர் தருவது இதன்பொருட்டே. அதனை வெறும் டானிக்கு என்றெண்ணி எறிந்துவிடுவார் பின்னர் வருந்துவர். அதுவே நல்லதென்று கருதி நாள்தோறும் பன்மடங்கு விழுங்குவாரும் வருந்துவர். பைரிடாக்சின் நெடுநாள் அளவிறந்தால் அதுவும் நரம்பைக் கெடுக்கும்.

விரைவு வகையினர்க்கு வேறோர் இடர். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வுகளில் இவர்கள் மற்றவரைவிடக் குறைந்த நலமே பெற்றனர். அவர்களுடைய நொதி மருந்தை விரைவில் ஒழித்துவிட்டமையே காரணம். நாள்தோறும் மருந்துண்ணும் முறையில் இருவகையினர்க்கும் இடையே வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. இந்தியாவின் காசநோய்த் திட்டத்தில் முன்னர் வாரம் மும்முறை மருந்து தரப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் நாடெங்கும் நாள்தோறும் தரும் முறை வந்தது. அம்மாற்றத்திற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், ஒரு நாளும் விடாது உண்ண வேண்டும் என்று மருத்துவர் கூறுவதன் உட்பொருளை நொதியின் இயல்பு நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

உணவும் இதனுள் வந்து புகுவதைக் கேளுங்கள். 1970-களின் இறுதியிலும் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும், இலங்கையில் ஐசோனியாசிட் உண்டு வந்த காசநோயாளர் சிலர்க்குச் சூரை மீன் உண்டவுடன் முகஞ் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தது. நன்கு குளிரூட்டி வைக்கப்படாத சூரை முதலிய மீன்களில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். நம் குடலிலுள்ள ஒரு நொதி அதனைச் சிதைத்து நம்மைக் காப்பது வழக்கம். ஐசோனியாசிட் அந்நொதியின் கையைக் கட்டிவிடுகின்றது. ஆகவே அதே குழம்பை உண்ட வீட்டாரெல்லாம் நலமாயிருக்க, மாத்திரை உண்டவர் மட்டும் துன்புற்றார். தூத்துக்குடிக் கடலிலும் சூரை மிகுதியாக அகப்படும்; உள்ளூர்ச் சந்தைகளுக்கும் அது வரும். இம்மருந்து உண்பார் அதன் புதுமையில் கருத்தூன்றுதல் நன்று.

காசநோய்க்கு ஐசோனியாசிட்டோடு தரப்படும் ரிஃபாம்பிசின், சிறுநீரைச் செந்நிறமாக்கும் இயல்பினது. அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருகச் செய்கின்றது. அதனால் உடன் உண்ணும் பிற மருந்துகள், குருதி உறைவைத் தடுப்பன, கருத்தடை மாத்திரைகள், நீரிழிவு மாத்திரைகளுட் சில, தம் வலிமை குன்றும். ஐசோனியாசிட்டோ இதற்கு மாறாக, வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிடாயின் என்னும் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, அதனை உடலில் தேங்கச் செய்யும். வேறு மருந்து உண்டு வருவார் அதனை மருத்துவரிடம் மறையாது கூறுதல் எத்துணை இன்றியமையாதது என்பது இவற்றால் அறியப்படும். பழமும் விலக்கன்று. பம்பளிமாசுக்கு உறவான கிரேப் பழத்தின் சாறு, குடற்சுவரிலுள்ள ஒரு நொதியை முடக்கிச் சில மருந்துகளின் அளவைக் குருதியில் உயர்த்துவதைக் கனடா நாட்டு மருத்துவர் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பம்பளிமாசுக்கும் அவ்வியல்பு ஓரளவு உண்டு.

அறுவை அரங்கிலும் நொதி தன் ஆட்சியைக் காட்டும். தசைகளைத் தளர்த்தும் சுக்சாமெத்தோனியம் என்னும் மருந்து, குருதியிலுள்ள ஒரு நொதியால் சில நிமிடங்களில் சிதைந்துபோவது இயல்பு. அந்நொதி பிறவியிலேயே குறைந்தவர்க்கு அதே மருந்து பல மணி நேரம் நின்று, தாமே மூச்சுவிட இயலாமல் செய்துவிடும். அதுவரை கருவியால் மூச்சுக் கொடுக்க வேண்டும். தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தாரிடையே இக்குறை பிறரினும் மிகுதியாகக் காணப்படுதலை மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. அன்றாட வாழ்வில் இதனால் ஒரு துன்பமும் இல்லை. மயக்க மருந்து கொடுக்கும்போது மட்டும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. தம் குடும்பத்தில் எவர்க்கேனும் இவ்வாறு நேர்ந்திருப்பின் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுவார் பேரிடரினின்று தப்புவர்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மருந்தின் அளவு மாத்திரையில் மட்டும் அடங்கியதன்று. உண்பவன் உடலிலுள்ள நொதியும் சேர்ந்தே அதனை அறுதியிடுகின்றது. ஒருவனுக்கு அமுதமான பால் மற்றொருவனுக்கு வயிற்றுநோய் ஆகின்றது. ஒருவர்க்குச் சில நிமிடம் நிற்கும் மருந்து மற்றொருவர்க்குப் பல மணி நேரம் நிற்கின்றது. அங்ஙனமிருக்க, "அண்ணாச்சிக்கு இந்த மாத்திரையில்தான் குணமாயிற்று, நீயும் வாங்கிச் சாப்பிடு" என்று நம் தெருக்களில் அன்பினால் கூறப்படும் அறிவுரை எவ்வளவு இடருடையது! கூறுவார் நெஞ்சில் குற்றமில்லை. ஆனால் அண்ணாச்சியின் கல்லீரல் வேறு, கேட்பவருடைய கல்லீரல் வேறு.

உலகக் காசநோயாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் நம் நாட்டவர். சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் தறியிலும் வயலிலும் உழைப்பாரிடையேயும் இந்நோய் உண்டு. அரசு மருத்துவமனைகளில் இதற்குரிய மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. ஆனால் இருமல் நின்றவுடன் மருந்தை நிறுத்துவாரும், அக்கம்பக்கத்தார் அறிவர் என்று அஞ்சி மாத்திரையை மறைப்பாரும், எரிச்சல் கண்டதும் மருத்துவரிடம் சொல்லாமல் தாமே விட்டுவிடுவாரும் உளர். எரிச்சல் தோன்றியவர்க்கு வேண்டுவது மருத்துவர் அறிந்து செய்யும் சிறு திருத்தமே. மருந்தை இடையில் விட்டவர்க்கு நோய் முன்னினும் வலிதாய்த் திரும்பும். அப்போது பழைய மருந்து கேளாமலும் போகும். அவருடன் ஒரே அறையில் உறங்கும் குழந்தைகளையும் அது பற்றும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மாணவர் இவ்வறிவைத் தேர்வுத் தாளோடு விட்டுவிடலாகாது. கண்பார்வை மங்கிய பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லலாம். எந்த மாத்திரை உணவுக்கு முன், எது உணவோடு என்று எழுதி வைக்கலாம். பாட்டி உண்டு வரும் மருந்துகள் அனைத்தையும், அவற்றோடு கடையில் தாமே வாங்கிய டானிக்கையும் நாட்டு மருந்தையும் ஒரு பையில் இட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். காசநோய் கண்டவர் அண்டை வீட்டில் இருப்பின் அவரை விட்டு விலகாமல், ஆறு மாதமோ அதற்கு மேலோ மருத்துவர் குறித்த காலம் முடியும்வரை நாள்தோறும் மாத்திரை உண்டனரா என்று அன்போடு கேட்கலாம். இவற்றைச் செய்வதற்குப் பொருள் வேண்டுவதில்லை. சிறிது பொறுமையும் எழுத்தறிவும் போதும். கல்வி கற்ற நாம் இவ்வளவேனும் நம் ஊரார்க்குச் செய்யக் கடமைப்பட்டுள்ளோம்.